செருப்பை எங்கே விடட்டும்?

புது ஊர், புது வேலை என்று போனதிலிருந்து உன்னை எல்லோரும் வீட்டுக்குக் கூப்பிடுகிறார்கள். சந்தோஷமாக இருக்கிறது தங்கச்சி. என்ன வாங்கிக்கொண்டு போகலாம், எந்தப் புடவை கட்டலாம் என்றெல்லாம் போனில் கேட்கிறாய். வாசலில் செருப்பை என்ன செய்வது என்று மட்டும் நீ கேட்டதே இல்லை. அதில் என்ன இருக்கிறது, கழற்றிவிட்டு உள்ளே போக வேண்டியதுதானே என்று நினைத்திருப்பாய். நம் வீட்டில் யாரும் உட்கார வைத்துச் சொல்லிக் கொடுக்காத விஷயம் அது. அதனால்தான் இன்றைக்கு நான் சொல்கிறேன்.

நம் வீடுகளில் தரை என்பது நடப்பதற்கு மட்டும் உள்ள இடம் இல்லை. ஹாலில் சோபா வந்து எத்தனை வருஷம் ஆனாலும், பண்டிகை என்றால் பந்திப் பாயை விரித்து இலை போடுவது தரையில்தான். பாட்டி அரிவாள்மனையை வைத்துக்கொண்டு வெண்டைக்காய் நறுக்குவது தரையில். மத்தியானம் மாமா துண்டை விரித்துக் கையைத் தலைக்கு வைத்துப் படுப்பது தரையில். குழந்தை தவழ்ந்து போய்க் கீழே கிடக்கிற பொரியைப் பொறுக்கி வாயில் போட்டுக்கொள்ளும். தெருவில் எச்சில், சாணி, மழைநாளில் சாக்கடைத் தண்ணீர் என்று எல்லாவற்றையும் மிதித்து வந்த செருப்பு அந்தத் தரையில் படக்கூடாது. சாஸ்திரம், சம்பிரதாயம் எல்லாம் அதற்கு அப்புறம்தான். இந்தக் காரணம் மனதில் இருந்துவிட்டால், எந்த வீட்டில் எப்படி நடந்துகொள்வது என்பது முக்கால்வாசி தானாகவே தெரிந்துவிடும்.

நீ குனிந்து வாரைக் கழற்றும்போதே வீட்டுக்காரம்மா, "ஐயோ பரவாயில்லை, போட்டுக்கிட்டே வாங்க" என்பார். அதைக் கேட்டு அப்படியே உள்ளே போய்விடாதே. அது உபசாரம். வந்தவரை வாசலில் குனிய வைக்கிறோமே என்ற கூச்சத்தில் வரும் வார்த்தை. அவர் காலைப் பார். வெறுங்காலோடு நின்றால் நீயும் கழற்றிவிட்டுத்தான் போக வேண்டும். அவர் காலில் செருப்பு இருந்தாலும் உற்றுப் பார். குதிகால் வலிக்காகவோ டைல்ஸ் குளிர்ச்சிக்காகவோ போட்டிருக்கும் வீட்டுச் செருப்பாக இருக்கும், அது வாசலைத் தாண்டுவதே இல்லை. "இல்லைங்க, இருக்கட்டும், இதுதான் சௌகரியம்" என்று சிரித்துக்கொண்டே கழற்றிவிடு. பெயின்ட் வேலை நடக்கிறது, ஆணியும் கண்ணாடித் துண்டும் கிடக்கின்றன என்று காரணம் சொல்லி, இரண்டாம் முறையும் வற்புறுத்தினால் மட்டும் போட்டுக்கொண்டு போ. வக்கீல் வீட்டு முன்னறை, டாக்டர் வீட்டோடு சேர்ந்த கிளினிக் போன்ற இடங்களில் ஏற்கெனவே உட்கார்ந்திருப்பவர்கள் எப்படி இருக்கிறார்களோ அப்படி இருந்துவிடு.

எங்கே விடுவது என்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். கதவுக்கு நேர் எதிரே, நட்டநடுவில் கழற்றிப் போட்டுவிட்டுப் போனால், காபி தம்ளரோ குழந்தையோ கையில் வைத்துக்கொண்டு வெளியே வருபவர் தடுக்கி விழுவார். சுவர் ஓரமாக, ஜோடி பிரியாமல், மற்றவர் செருப்பின் மேல் ஏறாமல் வை. ஸ்டாண்டில் இடம் இருந்தால் கீழ்த்தட்டில் வை; மேல்தட்டு பெரும்பாலும் குனிய முடியாத பெரியவர்களுக்காக விட்டிருப்பார்கள். கால்மிதி என்பது பாதத்தைத் துடைத்துக்கொள்ள. அதன் மேல் செருப்பை விட்டால் அடுத்து வருகிறவர் மண்ணைத்தான் துடைத்துக்கொள்ள வேண்டும். மாடிப்படியில் விடவே விடாதே. இருட்டில் ஒருவர் இறங்கி வந்தால் எலும்பு முறிகிற சமாசாரம் அது. கவிழ்ந்து கிடந்தால் நிமிர்த்தி வை. செருப்பு கவிழ்ந்து கிடந்தால் வீட்டில் சண்டை வரும் என்று நம்புகிற வீடுகள் இன்னமும் நிறைய இருக்கின்றன. உனக்கு நம்பிக்கை இருக்கிறதோ இல்லையோ, அவர்கள் மனது சங்கடப்படக் கூடாது.

அடுக்குமாடிக் குடியிருப்பில் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். இரண்டு வீட்டுக் கதவுகளும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். நீ பேச்சு சுவாரசியத்தில் கழற்றி விடுவது பக்கத்து வீட்டு வாசலில் போய்க் கிடக்கும். நீ போன பிறகு அவர்களுக்குள் மனஸ்தாபம். மாடியில் குடியிருப்பவரைப் பார்க்கப் போனால், செருப்பைக் கீழே கேட் பக்கம் விடுவதா, மேலே கொண்டுபோவதா என்று போனிலேயே கேட்டுக்கொள். வீட்டு உரிமையாளர் கீழே இருக்கிற வீடுகளில் இதற்கென்று ஒரு வழக்கம் இருக்கும். அதை நீ மீறினால் பேச்சுக் கேட்பது உன் சிநேகிதிதான். தெரு வாசலில் விட வேண்டி வந்தால் கொஞ்சம் உயரமான இடமாகப் பார்த்து வை, நாய் ஒற்றைச் செருப்பைக் கவ்விக்கொண்டு போய்விடும்.

கோலத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். மார்கழியில் விடிவதற்கு முன்பே எழுந்து, வாசல் தெளித்து, புள்ளி வைத்து, இடுப்பு ஒடிய ஒரு மணி நேரம் போட்ட கோலத்தின் மேல் ஒருவர் செருப்பைக் கழற்றிப் போட்டால் போட்டவளுக்கு வயிறு எரியும். கோலத்தைச் சுற்றிக்கொண்டு போ. வழியே இல்லையென்றால் கோலத்துக்கு வெளியே, தெரு ஓரத்திலேயே கழற்றிவிட்டு இழை படாத இடமாகக் கால் வைத்துப் போ. ஃபிளாட் வாசலில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கர் கோலத்துக்கும் இதே மரியாதை உண்டு. நிலைப்படியில் மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்திருப்பார்கள். ஷூ லேஸை அவிழ்க்க அதன் மேல் காலைத் தூக்கி வைக்காதே. சுவரைப் பிடித்துக்கொள், இல்லை வெளியே இருக்கும் திண்ணையில் உட்கார்ந்து அவிழ்.

ஊர்ப்பக்கம் போனால் வாசலில் ஒரு வாளித் தண்ணீரும் சொம்பும் இருக்கும், "கால் கழுவிக்கிட்டு வாங்க" என்பார்கள். வேண்டாம் என்று சொல்லாதே. பஸ்ஸில் புழுதி பட்டு வந்த காலுக்கு அதைவிட இதம் கிடையாது, அவர்களுக்கும் ஒரு திருப்தி. குதிகால் நனையாமல் கழுவினால் நளனைச் சனி பிடித்த கதையைச் சொல்லப் பாட்டி ஒருத்தி எல்லா வீட்டிலும் இருப்பாள், அதனால் பின்பக்கமும் சேர்த்துக் கழுவு. கழுவிய பிறகு கால்மிதியில் நன்றாகத் துடைத்துவிட்டு நட. ஈரக்காலோடு வழவழப்பான டைல்ஸில் கால் வைத்தால் வழுக்கும். பச்சைக் குழந்தை இருக்கும் வீட்டுக்குப் போனால் அவர்கள் சொல்வதற்கு முன் நீயே, "கை கால் கழுவிட்டு வந்துடறேன்" என்று கேட்டுப் போய்விடு. பெற்றவளுக்கு இதைச் சொல்லக் கூச்சமாக இருக்கும். நீ கேட்டுவிட்டால் அவளுக்கு நிம்மதி.

ஆபீஸிலிருந்து நேராகப் போகிற நாட்களில் ஷூவும் சாக்ஸும்தான் பிரச்சினை. நம் ஊர் வெயிலில் பத்து மணி நேரம் மூடிக் கிடந்த பாதம் நாறத்தான் செய்யும். வியர்வையில் கிருமிகள் பெருகுவதால் வரும் வாடை அது, அதில் கேவலம் ஒன்றுமில்லை. அந்த வாடையோடு அடுத்தவர் ஹாலில் உட்காராமல் இருக்கத்தான் வழி பார்க்க வேண்டும். ஒரே ஷூவை அடுத்தடுத்த நாள் போடாதே, ஒரு நாள் காற்றாட விடு. ராத்திரி உள்ளே ஒரு ஸ்பூன் சமையல் சோடாவைத் தூவி வைத்துக் காலையில் தட்டிவிடு. மழையில் நனைந்த ஷூவுக்குள் பழைய செய்தித்தாளைக் கசக்கித் திணித்தால் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். நைலான் சாக்ஸைத் தூக்கிப் போட்டுவிட்டுப் பருத்தி சாக்ஸ் வாங்கு. கைப்பையில் துவைத்த ஜோடி ஒன்று எப்போதும் இருக்கட்டும். போகிற வீட்டுக்கு முன்னாலேயே, முடிந்தால் ஆபீஸ் பாத்ரூமில், காலைக் கழுவி மாற்றிக்கொள். கழற்றிய சாக்ஸைச் சுருட்டி ஷூவுக்குள் நன்றாக உள்ளே தள்ளிவிடு. கட்டைவிரல் எட்டிப் பார்க்கிற ஓட்டை சாக்ஸைப் போட்டுக்கொண்டு கூச்சத்தில் காலை மடக்கி மடக்கி உட்கார்ந்திருப்பவர்களைப் பார்த்தால் எனக்குப் பாவமாக இருக்கும்.

பித்தவெடிப்பு இருக்கிறதே, எல்லோரும் பார்ப்பார்களே என்று தயங்குகிற பெண்கள் நிறையப் பேர். ராத்திரி வெதுவெதுப்பான நீரில் கல் உப்புப் போட்டுக் கால் மணி நேரம் ஊறவைத்து, மெல்லத் தேய்த்துத் துடைத்து, தேங்காய் எண்ணெய் தடவிப் பருத்தி சாக்ஸ் போட்டுக்கொண்டு படு. இரண்டு மூன்று வாரம் விடாமல் செய்தால் குறையும். ரத்தம் கசிகிற அளவுக்கு வெடித்திருந்தால் இதெல்லாம் வேண்டாம், டாக்டரிடம் போ. மற்றபடி அடுத்தவர் பாதத்தைக் குறை பார்க்கிறவர்கள் பார்த்துவிட்டுப் போகட்டும்.

குழந்தையைக் கூட்டிக்கொண்டு போகிறாய் என்றால் இன்னொரு விஷயம். இடுப்பில் இருக்கிற குழந்தைதானே, கால் தரையிலேயே படவில்லையே என்று அதன் செருப்பை விட்டுவிடுகிறோம். ஐந்து நிமிஷத்தில் அது சோபா மேல் நிற்கும், அடுத்த ஐந்து நிமிஷத்தில் கட்டில் மேல் குதிக்கும். வாசலிலேயே கழற்றிவிடு. பீப் பீப் என்று சத்தம் போடும் செருப்பாக இருந்தால் இன்னும் முக்கியம். உள்ளே யாராவது உடம்பு சரியில்லாமல் தூங்கிக்கொண்டிருக்கலாம்.

விசேஷங்களுக்குத் தகுந்தாற்போல் செருப்பைத் தேர்ந்தெடு. நவராத்திரியில் ஒரே சாயங்காலம் நாலைந்து வீட்டுக் கொலுவுக்குப் போய்வர வேண்டியிருக்கும். பக்கிள் வைத்த ஹீல்ஸைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு வாசலிலும் பட்டுப்புடவையோடு குனிந்து நிமிர்வது என்ன பாடு! காலை நுழைத்தால் போதும் என்கிற மாதிரி சாதாரணச் செருப்பு போதும். கல்யாணம், கிரகப்பிரவேசம் என்று நூறு ஜோடி குவிகிற இடங்களுக்குப் புதுச் செருப்பைப் போட்டுக்கொண்டு போகாதே. எல்லோரும் ஒரே மாதிரி வாங்குகிற காலம் இது, வேண்டுமென்று இல்லாமலேயே மாறிப் போகும். நல்ல ஜோடிதான் வேண்டும் என்றால் ஒரு மஞ்சப்பையில் போட்டு வண்டியிலேயே வைத்துவிடு. துக்க வீட்டில் செருப்பு கிடைக்கவில்லை என்றால் அங்கே நின்று தேடி, விசாரித்து, அமர்க்களம் பண்ணாதே. வெறுங்காலோடு நடந்துபோய்த் தெருமுனைக் கடையில் ரப்பர் செருப்பு வாங்கிக்கொள். அந்த வீட்டில் இழந்தது அதைவிடப் பெரிது.

இதுவரை சொன்னது விருந்தாளிக்கு. ஆனால் என்னைக் கேட்டால், செருப்பு விஷயத்தில் விருந்தாளிக்குக் கால் பங்கு வேலைதான், வீட்டுக்காரருக்கு முக்கால் பங்கு. நீயும் இனிமேல் ஆட்களைக் கூப்பிடப் போகிறாய், அதனால் இதைக் கவனமாகக் கேள்.

கதவோரம் ஒரு ஸ்டூல் போட்டு வை. ஒற்றைக் காலில் நின்று லேஸ் அவிழ்க்க முடியாத வயசுக்காரர்கள் அதைப் பார்த்ததுமே மனதார வாழ்த்துவார்கள். வாசல் விளக்கு எரியட்டும். விருந்தாளி வருகிற நாளில் உன் நாலு ஜோடியை எடுத்து உள்ளே வைத்துவிட்டு ஸ்டாண்டில் இடம் விடு. கால்மிதி காய்ந்ததாக இருக்கட்டும். பாத்ரூமுக்கு என்று ஒரு ஜோடி ரப்பர் செருப்பைக் கழுவித் துடைத்து அதன் வாசலிலேயே வை. வெறுங்காலோடு அடுத்த வீட்டு ஈரத் தரையில் கால் வைக்க யாருக்குமே பிடிக்காது.

சர்க்கரை நோய் உள்ளவர்களை வற்புறுத்திக் கழற்ற வைக்காதே. இதை நான் அழுத்திச் சொல்கிறேன். பல வருஷம் சர்க்கரை இருந்தால் பாதத்தில் நரம்பு பாதிக்கப்பட்டு உணர்ச்சி குறைந்துவிடும். குண்டூசி குத்தினால்கூட அவர்களுக்குத் தெரியாது, சின்னப் புண் ஆறாமல் பெரிதாகி விரலை எடுக்கிற நிலைக்குப் போய்விடும். வீட்டுக்குள்ளும் வெறுங்காலோடு நடக்கக் கூடாது என்று டாக்டர்கள் சொல்லி எம்.சி.ஆர். என்கிற மெத்தென்ற ரப்பர் செருப்பை எழுதிக் கொடுப்பது அதனால்தான். உணர்ச்சியற்ற பாதத்துக்கு மெத்தென்ற ரப்பர் செருப்பே பாதுகாப்பு என்று, வேலூர் சி.எம்.சி.யில் தொழுநோயாளிகளோடு வேலை செய்த டாக்டர் பால் பிராண்ட் போன்றவர்கள் பல பத்தாண்டுகளுக்கு முன்பே வலியுறுத்தியிருக்கிறார்கள். அப்படிப்பட்ட சித்தப்பாவோ அத்தையோ வந்தால் ஓர் ஈரத்துணியை எடுத்து, "அடிப்பாகத்தை மட்டும் துடைச்சுக்கலாம் அத்தை, அப்படியே வாங்க" என்று சொல். அடிக்கடி வருகிறவர்கள் என்றால் வீட்டுக்குள் போட்டுக்கொள்ள அவர்கள் அளவில் ஒரு ஜோடி எம்.சி.ஆர். வாங்கி வைத்துவிடலாம். போலியோ பாதித்த காலுக்குக் காலிப்பர் என்ற தாங்குகம்பி போட்டிருப்பவருக்கு ஷூ அந்தக் கம்பியோடு பொருத்தப்பட்டிருக்கும். அதைக் கழற்றினால் நடக்கவே முடியாது. கேட்காதே, கேட்பது போல் பார்க்கவும் செய்யாதே. சக்கர நாற்காலியில் வந்தால் சக்கரத்தைத் துடைக்க ஒரு பழைய துண்டு போதும்.

யாராவது தெரியாமல் ஷூவோடு உள்ளே வந்துவிட்டால்? வாசலைத் தாண்டுவதற்கு முன் என்றால், "ஷூவை இந்த ஸ்டாண்டுல வெச்சிடலாம், வாங்க" என்று இடத்தைக் காட்டிச் சொல்லலாம். ஹாலில் வந்து உட்கார்ந்துவிட்டார் என்றால் விட்டுவிடு. அவர் போன பிறகு ஒரு முறை மாப் போட்டால் தரை சுத்தமாகிவிடும். நாலு பேர் முன்னால் எழுப்பிக் கழற்றச் சொன்னால் அவர் மனதில் படிவது எந்த மாப்புக்கும் போகாது. பூஜை அறைப் பக்கம் போனால் மட்டும் மெதுவாகச் சொல்லிவிடு.

வேலை செய்ய வருகிறவர்கள் விஷயத்தில்தான் பல நல்ல வீடுகள்கூடத் தவறுகின்றன. கேஸ் சிலிண்டர் கொண்டுவருகிறவரை வாசலில் செருப்பைக் கழற்றச் சொல்கிறோம். உள்ளே இருக்கும் கேஸ் மட்டும் 14.2 கிலோ, இரும்போடு சேர்த்தால் கிட்டத்தட்ட 30 கிலோ. அது வெறும் பாதத்தில் நழுவி விழுந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பார். எலக்ட்ரீஷியனுக்கு ரப்பர் செருப்புதான் பாதுகாப்பு; வெறுங்காலில் நின்று சுவிட்ச் போர்டைத் திறக்கச் சொல்வது ஆபத்து. வாசலிலிருந்து வேலை நடக்கும் இடம் வரைக்கும் பழைய சாக்கையோ செய்தித்தாளையோ விரித்துவிடு, முடிந்தது. 108 ஆம்புலன்ஸ் ஆட்கள் ஸ்ட்ரெச்சரோடு வந்தால் செருப்பு என்ற பேச்சே எழக் கூடாது.

வீட்டு வேலைக்கு வரும் அக்காவின் செருப்பு எங்கே கிடக்கிறது என்று பார். எல்லோருடையதும் ஸ்டாண்டில் இருக்க, அவருடையது மட்டும் மாடிப்படிக்குக் கீழேயோ பின்பக்கமோ ஒதுங்கிக் கிடந்தால் அது சுத்தத்துக்காக இல்லை. அதன் பின்னால் இருப்பது வேறு, அது பழைய நோய். நம் ஊர்களில் சில தெருக்களைக் கடக்கும்போது செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு போக வேண்டும் என்று தலித் மக்களைக் கட்டாயப்படுத்திய கொடுமையை நீ கேள்விப்பட்டிருப்பாய். பட்டியல் சாதியினர், பழங்குடியினர் பொது இடத்தில் செருப்பு அணிவதைத் தடுப்பது குற்றம் என்று வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் திருத்தத்தில் தனியாக எழுத வேண்டிய நிலை இருந்தது. அந்தத் திருத்தம் நடைமுறைக்கு வந்ததே 2016 ஜனவரி 26-ஆம் தேதிதான். ஆறு மாதம் முதல் ஐந்து வருஷம் வரை சிறைத் தண்டனை உண்டு. தன் விருப்பத்தில் ஒரு வீட்டு வாசலில் கழற்றி வைப்பது மரியாதை. ஒருவரைக் கட்டாயப்படுத்திக் கழற்ற வைப்பது அவமானம். உன் வீட்டில் எல்லோருக்கும் ஒரே ஸ்டாண்டு, ஒரே விதி. இதில் யாருக்காகவும் நீ வளைந்து கொடுக்காதே.

வெளிநாடு போக வாய்ப்பு வரலாம் என்றாயே, அதற்கும் கொஞ்சம். ஜப்பானில் வீட்டு வாசலுக்குள் கென்கான் என்று கொஞ்சம் தாழ்வான இடம் இருக்கும். அங்கே கழற்றி, சாக்ஸ் கால் அந்தத் தாழ்தரையில் படாமல் நேராக மேலே ஏறி, ஷூவை வாசலைப் பார்த்தாற்போல் திருப்பி வைக்க வேண்டும். உள்ளே செருப்பு கொடுப்பார்கள். தத்தாமிப் பாய் விரித்த அறைக்குள் அதையும் கழற்றிவிட வேண்டும். கழிப்பறைக்கு வேறு செருப்பு, அதைப் போட்டுக்கொண்டே ஹாலுக்கு வந்துவிடாதே. கனடாவில் குளிர்காலத்தில் பூட்ஸ் முழுக்கப் பனியும் உப்பும் அப்பியிருக்கும், வாசலில் ஒரு தட்டு வைத்திருப்பார்கள், அதில் வை. உள்ளே போட்டுக்கொள்ளத் தடிமனான சாக்ஸ் எடுத்துப் போ. அமெரிக்கா, இங்கிலாந்தில் வீட்டுக்கு வீடு வழக்கம் மாறும், வாசலிலேயே கேட்டுவிடு. அங்கே யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

கடைசியாக, புறப்படும்போது. "போயிட்டு வரேன்" என்பதை உள்ளேயே சொல்லி முடித்துவிட்டு வாசலுக்கு வா. இல்லையென்றால் நீ லேஸ் கட்டி முடிக்கும்வரை அந்த வீட்டுப் பெரியவர் மூட்டுவலியோடு நின்றுகொண்டே இருப்பார். ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தில் வெளியே கிடந்த ஷூவைத் தலைகீழாகப் பிடித்து இரண்டு தட்டுத் தட்டிவிட்டுப் போடு. தேளும் பூரானும் கதகதப்புக்கு உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளும், சில இடங்களில் குட்டிப் பாம்புகூட. போட்டு முடித்த பிறகு போனை சோபாவில் விட்டுவிட்டது ஞாபகம் வந்தால், நாலே எட்டுத்தானே என்று குதிகாலை ஊன்றி உள்ளே ஓடாதே. வாசலில் நின்றே குரல் கொடு, எடுத்துக்கொண்டு வந்து தருவார்கள்.